மண் தின்று தீர்க்கும் என்பவர்களுக்கு

பெட்ரோல் பங்க்கின் நிலத்தடி டேங்க் ஒழுகியது தெரிந்துவிட்டால் ஒரு சமாதானம் தயாராக வந்துவிடும்: "டேங்கைத் தோண்டி எடுத்தாயிற்று. கசிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களே தின்றுவிடும். அப்படியும் பயமாக இருந்தால் கிணற்றை மூடிவிட்டு வேறு தண்ணீர் குடியுங்கள்." எண்ணெய் வியாபாரிகள் மட்டுமல்ல, விவரம் தெரிந்த பொறியாளர்களும் இதைச் சொல்கிறார்கள். முழுப் பொய்யென்றால் மறுப்பது சுலபம். இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது.

முதலில் டேங்க். அதை எடுத்தால் கசிவு நிற்கும். கசிந்தது எங்கும் போகாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அப்படியே மொண்டு எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. கூடவே ஏறி இறங்கும் பெட்ரோல், அந்த உயரம் முழுக்க மண் துகள்களின் இடுக்குகளில் பூசிக்கொள்கிறது. எண்ணெய் தேய்த்த தலையில் சீயக்காய் இல்லாமல் தண்ணீரை ஊற்றுவது போலத்தான், இதை வெறும் பம்ப் வைத்து இறைப்பது. ஒட்டியது அங்கேயே இருந்து வருடக்கணக்கில் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுவது, நீருக்குள் காற்றைச் செலுத்துவது, கெட்ட மண்ணையே வெட்டி எடுப்பது என்று வேறு வழிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அடுத்து, "கொஞ்சம்தான்". இந்தியப் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலில் 8 கிராமுக்கு மேல் பென்சீன். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: 8 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோக ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். வாடை வந்தால் தெரிந்துவிடாதா என்பார்கள். வரம்பைப் பல மடங்கு தாண்டிய பிறகுதான் பென்சீன் மூக்குக்கு எட்டும்.

கிணற்றை மூடச் சொல்பவர்கள் கலிபோர்னியாவின் சான்டா மோனிக்காவைப் பார்க்கலாம். வாகனப் புகையைக் குறைக்க அங்கே பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற பொருளைக் கலந்தார்கள். ஒழுகிய டேங்குகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் அது நகரத்தின் சார்நாக் கிணறுகளுக்குள் போயிற்று. 1996இல் கிணறுகளை மூடினார்கள். நகரத்தின் தண்ணீரில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. வெளியிலிருந்து விலைக்கு வாங்கினார்கள். எண்ணெய் நிறுவனங்களோடு வழக்காடினார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். சார்நாக் தண்ணீர் திரும்பி வர 2010 ஆயிற்று. வாங்குவதற்குப் பக்கத்தில் தண்ணீர் இருந்த, பணமுள்ள கடற்கரை நகரம் அது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே போர்வெல்லை நம்பியிருக்கும் ஊரில் இந்த யோசனையைச் சொல்லிப் பார்க்கட்டும்.

செலவுக்கு எங்கே போவது என்றும் கேட்பார்கள். அமெரிக்கா 1986இல் கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு இதற்கென்றே ஒரு நிதியை உண்டாக்கியது. வண்டி ஓட்டியவர்கள் அந்த வரியை உணர்ந்திருக்கக்கூட மாட்டார்கள்.

இனி அந்த நுண்ணுயிர்கள். இங்கேதான் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995இல் கலிபோர்னியாவின் டேங்க் கசிவுகளை ஆராய்ந்தபோது, பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடிக்குள் அடங்கிவிடுவதைக் கண்டது. நுண்ணுயிர்கள் தின்பது உண்மைதான். ஆனால் அந்த முடிவு பென்சீன் வகைக்கு. எம்.டி.பி.இ. தண்ணீரில் வெகு எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கு லேசில் செரிக்காது. அதே கலிபோர்னியாவில் போர்ட் வைனீமி கடற்படைத் தளத்தின் பங்க்கிலிருந்து 1984–85இல் சுமார் 10,800 கேலன் பெட்ரோல் ஒழுகியது. பென்சீன் வகை பக்கத்திலேயே தங்கிவிட, எம்.டி.பி.இ. கிட்டத்தட்ட 5,000 அடி போயிற்று. ஒன்றரைக் கிலோமீட்டர்! 2000இல் அதன் குறுக்கே ஒரு தடுப்பு வைத்தார்கள்: வரிசையாகக் குழாய்களை இறக்கி ஆக்சிஜன் செலுத்தினார்கள், எம்.டி.பி.இ.யைத் தின்னும் நுண்ணுயிர்களைச் சில பகுதிகளில் சேர்த்தார்கள். வேலை நடந்தது. நுண்ணுயிர்தான் செய்தது, சும்மா விட்டதால் அல்ல, வேண்டியதைக் கொடுத்ததால்.

எம்.டி.பி.இ. நம் பிரச்சினை இல்லையே என்று தோன்றினால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நம் டேங்குகளில்தான் இருக்கிறது. கசிந்தால் நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்னும்; அதிலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பென்சீன் தின்னப்படாமல் இன்னும் தூரம் நகரும். எத்தனால் கலக்காத பெட்ரோலை வைத்து எடுத்த 250 அடிக் கணக்கை இங்கே கொண்டுவந்து வைப்பது சரியாகாது. சும்மா விட்டால் போதும் என்கிறவர், பங்க்கைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, கோடையிலும் மழைக்காலத்திலும் எடுத்த பென்சீன் அளவுகள் வருடத்துக்கு வருடம் இறங்குவதைக் காட்டட்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாதவரை, மண் தின்கிறது என்பது அவருடைய நம்பிக்கை மட்டுமே.