யார் எழுதிய ஊர் இது?

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மாவட்டத்தின் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். என் மகளின் பிறப்புச் சான்றிதழில் காஞ்சிபுரம். அண்மையில் அவளுக்கு வாங்கிய வருமானச் சான்றிதழில் செங்கல்பட்டு. நாங்கள் சிறுசேரியை விட்டு எங்கும் குடிபோகவில்லை. ஆட்சி செய்தவர்கள்தான் எங்களை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இதில் 1997இல் நடந்தது பலருக்கு மறந்துபோயிருக்கும். அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். தலித் வீரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பி, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அந்தத் தீயை அணைக்க கருணாநிதி அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. ஜூலை 1 முதல் எங்கள் மாவட்டத்தில் எம்.ஜி.ஆர். பெயர் இல்லை. அதே நாளில் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகவும் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியாக வந்தது. விருதுநகரில் ஓடவேண்டிய ஒரு பேருந்தின் பெயர்ப்பலகைக்காக மூண்ட சண்டை, பழைய மகாபலிபுரம் சாலையோரம் இருக்கிற ஒருவனின் முகவரியில் வந்து முடிந்தது.

இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியின் கதை இதுதான். சண்டை வேறெங்கோ நடக்கும். வெற்றி தோல்வி கோட்டையிலோ டெல்லியிலோ முடிவாகும். அதன் பிறகு ஓர் அதிகாரி இங்கே வந்து, நிலம் யாருடையது, நீ இங்கே யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். அவர் எழுதியது அடுத்தடுத்த தலைமுறைக்குப் பூர்வீகம் ஆகிவிடும்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, தன் கடனுக்கும் போர்ச்செலவுக்கும் ஈடாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நவாபுக்கு அது ஒரு கையெழுத்து. இங்கே உழுதுகொண்டிருந்தவருக்கு, தலைக்கு மேல் இருந்த அரசே மாறிப்போனது. கம்பெனி சில ஆண்டுகளிலேயே கணக்குக் கேட்டது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, களத்து மேட்டில் குவியும் நெல்லில் கணக்கருக்கு எவ்வளவு, கொல்லருக்கும் தச்சருக்கும் வெட்டியாருக்கும் எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று ஓலையில் எழுதிய விவரங்கள் அந்த அளவையின் அடிப்படை. வரலாற்றாய்வாளர் தரம்பால் தேடிக் கண்டெடுத்துப் பேசிய கணக்கு இது. அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது அதைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கணக்கு முடிந்த ஆறாவது ஆண்டே ஊர்கள் அழிந்தன. ஹைதர் அலி ஏற்கெனவே 1769இல் பரங்கிமலை வரை வந்து, கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களை உடன்படிக்கைக்கு இழுத்தவர். 1780இல் அவர் மறுபடி வந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. அவர் மகன் திப்பு சுல்தான் அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரில் ஓவியமாக வரையச் செய்தார். எங்கள் பக்கத்தில் அந்த வெற்றிக்கு வேறு முகம். போர் நான்கு ஆண்டு நீண்டது; கூடவே பஞ்சமும் வந்தது. பின்னால் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பல இடங்களில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக எலும்புகளும் எரிந்த வீடு, சத்திரம், கோயில்களின் மொட்டைச் சுவர்களுமே மிஞ்சியிருந்தன என்ற பொருள்பட எழுதிவைத்தார். எங்கள் குடும்பம் ஆயிரம் வருஷமாக இதே தெருவில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் 1780ஐத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த நான்கு ஆண்டில் இந்தச் சீமையில் ஓடாத குடும்பம் எது? திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், வேறு ஊரிலிருந்து வந்து வெறும் மனையில் குடியேறியவர்கள் எத்தனை பேர்?

1794 முதல் 1798 வரை பிளேஸ் இங்கே கலெக்டர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே துரை. ஏரிக்கரையைப் பலப்படுத்தினார், உண்மைதான். கூடவே, தான் கேட்ட தீர்வைக்கு ஒத்துவராத மிராசுதார்களின் உரிமையைப் பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்தார். மிராசுதார்கள் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார்கள், கோட்டைக்குப் போனார்கள். குறும்பரை வென்ற ஆதொண்டைச் சக்கரவர்த்தி தங்கள் முன்னோரைத் தொண்டைமண்டலத்தில் குடியேற்றினார் என்ற பழங்கதை அப்போது நில உரிமைக்குச் சாட்சியாக நின்றது. எல்லிஸ் துரை 1818இல் வெளிவந்த தன் நூலில் மிராசு உரிமைக்கு ஆதரவாக வாதாடினார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு முன்பே சொன்ன அதே எல்லிஸ். இப்படி, போரில் கலைந்து போன ஒரு சமூகத்துக்கு மேல், அசையாத பழைய கிராமம் என்ற ஒரு சித்திரத்தைக் கம்பெனியும் மிராசுதாரும் சேர்ந்து வரைந்தார்கள். உள்குடி யார், புறக்குடி யார், படியாள் யார் என்பது அந்தச் சித்திரத்தில் உறைந்துபோனது.

படியாளுக்கு, அதாவது பண்ணையாளுக்கு, அதில் கிடைத்த இடம் எது என்பதை அறிய இன்னும் எழுபது ஆண்டு தாண்டவேண்டும். 1891இல் செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். சேரி இருக்கிற மனையே தனக்குச் சொந்தம் என்று மிராசுதார் சொல்வார். கூலி உயர்த்திக் கேட்டாலோ தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலோ, குடிசையைக் காலி செய் என்பார். தரிசு நிலத்துக்கு யார் மனுக் கொடுத்தாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. இதை அதிகாரி ஒருவர் அரசின் காகிதத்திலேயே பதிந்தது பெரிய காரியம். 1892 செப்டம்பர் 30 அன்று 1010 எண் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கவேண்டும்; பத்தாண்டுக்கு அதை விற்கக்கூடாது; அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்கவேண்டும். நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன.

செங்கல்பட்டுச் சீமை தன் பதிலையும் தந்தது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து அட்டையில் அச்சிட்ட துணிச்சல் அது. பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் என்ற பெயருக்காகப் போராடி 1922இல் அரசாணை பெற்றார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்றது. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்றது. இந்த மண்ணுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது ஆதொண்டை கதையில் இல்லை, இவர்களிடம் இருக்கிறது.

பெண்ணின் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். அதன் வலிமையை நாங்கள் நேரில் பார்த்தது, சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா வந்து, பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி அகலமானபோது. மானாவாரியாகக் கிடந்த நிலத்துக்கு ஆள் தேடி வந்தார்கள். பத்திரம் பதிய அக்கா தங்கையின் கையெழுத்து வேண்டும் என்று வக்கீல் சொன்னதும், பல வீடுகளில் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத தங்கைக்குச் சீர்வரிசையோடு கார் போனது. கொஞ்சம் பணத்தைக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். சில பெண்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். செங்கல்பட்டில் 1929இல் நிறைவேறிய தீர்மானத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் என்று நான் மதிப்பது அந்தப் பெண்களைத்தான். ‘அண்ணன் உறவு வேண்டும், ஆனா என் பங்கும் வேண்டும்’ என்று சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன ஒரு அக்காவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிலம் விற்றவர் கையில் பணம் வந்தது, அதோடு அதிகாரமும் வந்தது. நிலமே இல்லாதவருக்கு என்ன வந்தது? வளாகங்களில் காவல் வேலை, துப்புரவு வேலை. அதற்கும் போட்டி, ஏனென்றால் அதே சாலையில் இன்னொரு மக்கள்கூட்டத்தை அரசு கொண்டுவந்து இறக்கியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் வந்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். நகரின் நடுவே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரு காகிதம் சொன்னது. இன்னொரு காகிதம் பயனாளி என்று சொன்னது. மூன்றாவதாக ஊர்வாய் சொன்னது, குற்றவாளிகளின் குடியிருப்பு என்று. செம்மஞ்சேரியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு தங்கை சொன்னாள்: “அட்ரஸ் சொன்னாலே மூஞ்சி மாறிடுதுண்ணா. அதான் சோழிங்கநல்லூர்னே சொல்லிக்கிறேன்.” 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கி, இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் உன் பெயர் எங்கே என்று கேட்டபோது, அதிகம் திண்டாடியிருக்கக்கூடியவர்கள் இப்படி இடம்பெயர்க்கப்பட்டவர்கள்தான்.

பட்டியலுக்கு இவ்வளவு வலிமையா என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம், தேயிலை மலைகளில் உழைத்த தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

நம் பதிவேட்டுக்கே திரும்புகிறேன். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. கணக்குப் புத்தகம் ஒரு சில குடும்பங்களின் வீட்டுப் பரணிலிருந்து பொது அலுவலகத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் பெரிய அதிகார மாற்றங்களில் ஒன்று அது என்பேன். அதே பத்தாண்டில்தான் யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாடும் நடந்தது. பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. நிலம், அதாவது பஞ்சமி நிலம், என்று இருந்த குறிப்புகள் புதிய பதிவேட்டில் பல இடங்களில் காணாமற்போயின என்பது தலித் மக்களின் நீண்டநாள் புகார். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இரண்டே வரி: “பட்டா எங்க தாத்தா பேருல இருந்துச்சு தம்பி. அனுபவம் மட்டும் எப்பவும் வேற ஆளு.”

இப்படிக் கைமாறிய பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு மாமல்லபுரம் பக்கம் காரணையில் மக்கள் திரண்டார்கள், அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நூறு ஆண்டுக்கு முன்பு அரசே கொடுத்த நிலத்தை அரசிடமே கேட்டதற்கு இரண்டு உயிர்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், தலித் குடியிருப்பைச் சுட்டும் ‘காலனி’ என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். நான் ஊர்த்தெருவில் பிறந்தவன். அந்தச் சொல் என் பக்கத்திலிருந்து எந்தத் தொனியில் வீசப்பட்டது என்பதைக் கேட்டு வளர்ந்தவன். பெயரை மாற்றிய அதே அரசு நிலத்தையும் எடுத்துக்கொடுக்கவேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் பஞ்சமி நிலங்களை ஊர்வாரியாக, பழைய புல எண், பரப்பு, இன்றைய அனுபவதாரர் விவரத்தோடு வெளியிட வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. ரயில் ஓடத் தொடங்கினால் இங்கே ஒரு சென்ட் நிலத்தையும் மீட்க முடியாது. அதற்கு முன் பட்டியல் வரட்டும்.

இந்தப் பக்கம் மனை வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் டி.சி. என்று இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மனையை வாங்காதீர்கள்.