வராதே என்று சொல்லியும் ஏன் வந்தார்?



மேரி டயர் பற்றி நேற்று நான் போட்ட பதிவின் கீழே பழைய மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "சார், அது அவங்க ஊர், அவங்க சட்டம். திரும்பி வந்தா தூக்குன்னு சொல்லியும் வந்தது அந்தம்மா தப்புதானே?" அதற்குப் பலர் லைக் வேறு போட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் எல்லோருக்கும்.

தம்பி, இந்த வாதம் புதிதல்ல. தூக்கிலிட்ட பாஸ்டன் ஆட்சியாளர்கள் சொன்ன சமாதானமும் இதுதான்: எச்சரித்தோம், கேட்கவில்லை, சாவைத் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

அந்த ஆட்சியாளர்கள் யார்? பியூரிட்டன்கள். இங்கிலாந்தில் தங்கள் மனசாட்சிப்படி வழிபட விடவில்லை என்று கடல் கடந்து போனவர்கள். அவர்களேதான், நாடு கடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-ல் சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுச் சட்டம் காதை அறுக்கச் சொன்னது.

குவேக்கர்கள் செய்த குற்றம்? கடவுளின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு, இடையில் பாதிரியார் வேண்டாம் என்றார்கள். சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். அதிகாரி முன் தொப்பியைக் கழற்றவில்லை. பெண்களும் பிரசங்கம் செய்தார்கள். இவ்வளவுதான்.

1659 அக்டோபரில் வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் இருவரையும் தூக்கிலிட்டார்கள். உடன் நின்ற மேரி டயரைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டார்கள். 1660-ல் அவர் திரும்பி வந்தார். உயிர் வெறுத்துப்போய் அல்ல. அந்தச் சட்டத்தை நீக்குங்கள் என்று கேட்க. ஜூன் 1 அன்று அவரையும் தூக்கிலிட்டார்கள். மறுவருடம் வில்லியம் லெட்ரா. பிறகு மன்னர் இரண்டாம் சார்லஸின் கடிதம் வந்துதான் தூக்கு நின்றது.

வரி கட்டு என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு. எதை நம்ப வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தால் மீறியவரைக் குறை சொல்லாதே, எழுதியவனைக் கேள்.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. "மதச் சுதந்திரம் தேடி அமெரிக்கா சென்றனர்" என்று உங்களை எழுத வைத்து மார்க் போட்டேன். யாருடைய சுதந்திரம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

இப்போது அதே பாஸ்டனில், சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மேரி டயருக்குச் சிலை இருக்கிறது. 1959-ல் வைத்தார்கள். செத்தவருக்கு 300 வருடம் கழித்துச் சிலை வைப்பது சுலபம். நமக்குப் பிடிக்காத நம்பிக்கை உள்ளவர் பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கும்போது அவரை அவர்பாட்டுக்கு வாழவிடுவதுதான் கஷ்டம்.

லைக்கை யாரும் எடுக்க வேண்டாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். நான் நீக்க மாட்டேன்.