சேவகம் செய்தவள் எங்கே?

கார்ட்டூன் படங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கவிதையையும் விமர்சனத்தையும் பேசுகிற இடத்தில் வாத்துக்கும் முயலுக்கும் என்ன வேலை என்ற முகச்சுளிப்பு நம்மிடையே உண்டு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹாலிவுட்டின் பழைய கார்ட்டூன்களில் சிலவற்றை, அவற்றிலுள்ள நிறவெறிக்காக, சொந்தக்காரர்களே பூட்டிவைத்திருப்பது பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், ‘குப்பை ஒழிந்தது. அதற்கு எதற்கய்யா ஒப்பாரி?’ என்றார். அவருடைய முற்போக்கு உணர்வில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இந்தப் பதில்.

டிஸ்னியின் ‘ஃபான்டேஸியா’ 1940-ல் வந்தது. அதில் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்கு அமைத்த பகுதியில், இடுப்புக்குக் கீழே குதிரையுடல் கொண்ட வெள்ளை அழகிகள் தங்களை அலங்கரித்துக்கொள்கிறார்கள். ஒருத்தியின் குளம்பைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறாள் ஒரு கறுப்புச் சிறுமி. 1969 மறுவெளியீட்டில் அவளை வெட்டினார்கள். பிற்காலப் பிரதிகளில் வெட்டு தெரியாமலிருக்க வேறு உபாயம் கண்டார்கள். பிம்பத்தைப் பெரிதாக்கி, அவளைச் சட்டகத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளினார்கள். எஜமானிகள் அப்படியே இருக்கிறார்கள். அவர்களுடைய அலங்காரமும் இருக்கிறது. சேவகம் செய்தவள் மட்டும் இல்லை. இதைப் பார்க்கிற இன்றைய குழந்தைக்கு, அந்த உலகத்தில் யாரும் யாருக்கும் குளம்பு துடைக்கவில்லை. நிறவெறியைத் திருத்தியதாகச் சொல்கிறார்கள். அவர்கள் துரத்தியது நிறவெறியின் சாட்சியை.

1968-ல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம், தன் கைக்கு வந்திருந்த வார்னர் கார்ட்டூன்களில் 11 படங்களைத் தொலைக்காட்சி விநியோகத்திலிருந்து விலக்கியது. அவற்றில் ஒன்று பாப் கிளாம்பெட் இயக்கிய ‘கோல் பிளாக் அண்ட் தி செப்பென் ட்வார்ஃப்ஸ்’ (1943). ஸ்நோ ஒயிட் கதையைக் கறுப்பின மக்களின் கேலிச்சித்திரங்களாக மாற்றி எடுத்த படம். அசைவின் வேகத்திலும் இசையோடு கோடு இழைவதிலும் அந்தக் காலத்து ஹாலிவுட் கார்ட்டூனின் உச்சங்களில் ஒன்று. கூடவே, ஒரு இனத்தை உதடாகவும் பல்லாகவும் சுருக்கிய அவமதிப்பு. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர் விமர்சகர் அல்ல, வக்கீல்.

நண்பர் கவனிக்காத விஷயம் ஒன்றுண்டு. அந்தப் படம் வந்த 1943-லேயே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசிய சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. அதை எதிர்த்தது. ‘அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை’ என்று இன்று நிறுவனங்கள் சமாதானம் சொல்வது பொய் என்பதற்கு அந்த எதிர்ப்பே சாட்சி. படத்தைப் பூட்டினால் எதிர்ப்பும் சேர்ந்து பூட்டப்படுகிறது. எதை எதிர்த்தார்கள் என்று காட்ட முடியாதபோது, எதிர்த்தவர்கள் வெறும் முணுமுணுப்பாளர்களாகிவிடுகிறார்கள். கதாநாயகிக்குக் குரல் கொடுத்த விவியன் டான்ட்ரிட்ஜ் என்ற கறுப்பினக் கலைஞரின் பங்கும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

இன்னொரு உதாரணம் நேரடியான வியாபாரம். ‘சாங் ஆஃப் தி சவுத்’ (1946) நடிப்பும் கார்ட்டூனும் கலந்த டெக்னிகலர் படம். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அதன் கதாநாயகன் ஜேம்ஸ் பாஸ்கெட் போக முடியவில்லை. அந்த ஊரின் நிறச்சட்டங்கள் அப்படி. 1948-ல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர். இந்தப் படத்தையும் என்.ஏ.ஏ.சி.பி. கண்டித்தது. 1986-க்குப் பின் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரவில்லை. அங்கே வீடியோவாகவும் விற்கப்படவில்லை. எச்சரிக்கை வாசகத்தோடு வெளியிடுவதுகூடப் பொருத்தமில்லை என்று 2020-ல் டிஸ்னி நிறுவனத்தின் தலைமை சொன்னது. மிக நல்லது. ஆனால் அதே படத்தின் கார்ட்டூன் பாத்திரங்களையும் பாட்டையும் வைத்து 1989-ல் டிஸ்னிலாந்தில் ஒரு நீர்ச்சவாரி திறந்தார்கள். 2023 வரை அங்கே கட்டணம் வசூலித்தார்கள். முயலும் நரியும் காசுக்கு உதவும், பாஸ்கெட்டின் முகம் உதவாது. இதற்குத்தான் நண்பர் முற்போக்கு என்று அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்.

இந்தப் படங்களின் வண்ணம் தானாக வெளுத்துப் போகிற ரகம் அல்ல. டெக்னிகலர் கார்ட்டூன்கள் பலவற்றில் ஒவ்வொரு சித்திரத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை கறுப்பு-வெள்ளைச் சுருளில் பதிவு செய்தார்கள். வண்ணம் அங்கே வெள்ளியாகத் தங்கியிருக்கிறது. சாயம் வெளுக்கும், வெள்ளி அப்படி வெளுக்காது. ஆனால் அந்தச் சுருள் நைட்ரேட் என்பதால் நெருப்புக்கும் சிதைவுக்கும் பயப்பட வேண்டும். 1978-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்தில் தீப்பிடித்து 329 படங்களின் மூல நெகடிவ்கள் போயின. தீக்குத் தப்பியதை மனிதர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

1943 முதல் வார்னர் தன் பழைய கார்ட்டூன்களை ‘புளூ ரிப்பன்’ என்று மறுவெளியீடு செய்தபோது முகப்பை வெட்டிப் புது முகப்பு ஒட்டியது. இயக்கியவர், வரைந்தவர், இசையமைத்தவர் பெயர்கள் அத்தோடு போயின. 1968 வாக்கில் போர்க்கி என்ற பன்றியின் கறுப்பு-வெள்ளைப் படங்களைக் கொரியாவில் கையால் படியெடுத்து வண்ணம் பூசினார்கள். அசைவு திக்கித் தடுமாறியது. பின்னால் லேசர் தட்டுக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது கீறல் நீக்க ஓடவிட்ட மின்னணுக் கருவி, ஓவியர் மையால் இட்ட கோட்டையும் கீறலென்று அரித்துத் தின்றது. பெயரை வெட்டியதும் சிறுமியை வெட்டியதும் ஒரே கை. அந்தக் கைக்குப் படம் என்பது சரக்கு. இன்றைய சந்தைக்கு ஏற்ப நறுக்கலாம், கழுவலாம், பூட்டலாம்.

உ.வே.சா. பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். தமக்கு ஒவ்வாத பாடலை நைஸாக நழுவவிட்டிருந்தால் நாம் அவரைப் பதிப்பாசிரியர் என்று கொண்டாடியிருப்போமா? ஏட்டுக்குக் கேட்கும் நேர்மையைப் பிலிமுக்கும் கேட்கிறேன்.

குழந்தைகளுக்கு இவற்றைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. அவமதிக்கப்பட்டவர்கள் பார்த்தே தீர வேண்டும் என்றும் சொல்லவில்லை. இந்தச் சூடு என் தோலில் பட்டதல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது, வெட்டாத முழுப் பிரதி, அசல் முகப்போடும் பெயர்களோடும், கேட்பவர் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் காப்பகத்தில் இருக்க வேண்டும் என்பதே. முடியாத காரியமல்ல. 2005-ல் வார்னரின் டிவிடித் தொகுப்பொன்றில் வூப்பி கோல்ட்பெர்க் முன்னே வந்து, இந்த அவமதிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனாலும் மறைப்பது நடக்கவேயில்லை என்பதாகிவிடும் என்ற கருத்தைச் சொன்னார். 2010-ல் ஹாலிவுட் விழா ஒன்றில் அந்த 11 படங்களில் 8-ஐச் சீரமைத்து, வரலாற்றாசிரியர் டொனால்ட் போகிளின் அறிமுகத்தோடு காட்டினார்கள். உலகம் இடிந்துவிடவில்லை.

நண்பர் அந்தப் பதினொன்றில் ஒன்றையாவது முழுசாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுக் குப்பை என்று எழுதட்டும், நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். பார்க்காமலே ஒழிந்தது நல்லது என்று சொல்ல விமர்சகன் தேவையில்லை. அதற்குக் கடைக்காரனின் கத்தரிக்கோலே போதும்.