பிறந்த ஆண்டின் பாட்டு



அண்மையில் ஓர் இரவு, தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி ஒன்றைக் காண நேர்ந்தது. போட்டியாளர் ஒவ்வொருவரும் தாம் பிறந்த ஆண்டில் வெளிவந்த திரைப்பாடல் ஒன்றைத் தேர்ந்து பாடுதல் வேண்டும் என்பது அன்றைய சுற்றின் ஒழுங்கு. நல்ல ஒழுங்கே அது. தாம் கண்விழித்த நாளில் இந்நாடு எதைப் பாடிக்கொண்டிருந்தது என இளையோர் தேடிப் பார்ப்பது, வேரைத் தேடும் முயற்சியின் தொடக்கமன்றோ?

இளம்பெண் ஒருத்தி மேடையேறினாள். இனிய குரல், தாளம் தப்பாத பாட்டு. ஆயின், அவள் வாயில் 'அழகு' 'அலகு' ஆயிற்று. 'மணம்' 'மனம்' ஆயிற்று. பாட்டு முடிந்ததும் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். குரலைப் புகழ்ந்தனர்; உடையைப் புகழ்ந்தனர்; சொல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறந்தாரல்லர். முன்னதாகக் காட்டப்பெற்ற ஒத்திகைக் காட்சியிலேயே இதற்கான கரணியம் விளங்கிவிட்டது. அவள் கையிலிருந்த தாளில் அத் தமிழ்ப்பாட்டு ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது! லகரத்திற்கும் ளகரத்திற்கும் அங்கே ஒரே எழுத்து; நகர, ணகர, னகரம் மூன்றிற்கும் ஒரே எழுத்து; ழகரத்திற்கென்று எழுத்தே இல்லை. அதனைப் பார்த்துப் பாடும் நா வேறெவ்வாறு புரளும்?

அப்பெண்ணை நாம் குறைகூறோம். தமிழ் எழுத்தை அவள் கையில் கொடாதவர்கள் நாமே. 2006-இல் தமிழ் கற்றலுக்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் பள்ளிக்குள் தமிழைக் கொண்டுசெல்லலாம். வீட்டார் பேணாவிடில் நாவிற்குள் கொண்டுசெல்ல அதனால் இயலுமோ?

நம் அன்பர் பலர் பிறந்த 1965-ஐ, திருவள்ளுவர் ஆண்டு 1996-ஐ, எண்ணிப் பாருங்கள். சனவரி 25-இல் மதுரையில் மூண்ட இந்தியெதிர்ப்பு மாணவர் கிளர்ச்சி தமிழகமெங்கும் பரவிற்று. துமுக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. அதே ஆண்டில்தான் 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்', 'திருவிளையாடல்' ஆகிய படங்களின் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. அப்பாடல்களில் வடசொற்கள் விரவி நின்றமை நமக்கு உடன்பாடன்று. எனினும் அவற்றில் ஒலித்த தமிழ், எழுத்துப் பிழையாது ஒலித்தது.

அவ்வாறு ஒலித்தவர் யாவர்? 1922-இல் மதுரையில் பிறந்த டி.எம்.சௌந்தரராசனின் வீட்டுமொழி சௌராட்டிரம். 1935-இல் விசயநகரத்தில் பிறந்த பி.சுசீலாவின் தாய்மொழி தெலுங்கு. சிறந்த பின்னணிப் பாடகிக்கென நடுவணரசு ஏற்படுத்திய விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. பெற்றதும் 'உயர்ந்த மனிதன்' படத்தின் தமிழ்ப்பாட்டிற்காக! வேற்றுமொழி வீடுகளில் பிறந்தவர் முயன்று பயின்று ழகரத்தை நமக்கு வாரி வழங்கினர். தமிழ்வீட்டில் பிறந்த பிள்ளைகளோ அதனை இழந்து நிற்கின்றனர். திருந்திய ஒலிப்பு பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எழுத்துகள் பிறக்கும் இடமும் முயற்சியும் உரைப்பதற்கெனவே தொல்காப்பியர் 'பிறப்பியல்' என ஓர் இயல் வகுத்தார். மாந்தன் பிறந்த ஆண்டைக் கொண்டாடும் மேடையில் எழுத்தின் பிறப்பை எண்ணுவார் இல்லை!

இன்னுமொன்று. ஒருவன் பிறந்த ஆண்டின் முதற்பாட்டு திரைப்பாட்டன்று. அவன் தாய் தொட்டிலருகே பாடிய தாலாட்டு. 'தால்' என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவதால் அது தாலாட்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப்பருவமும் ஒன்று. எந்த இசைத்தட்டிலும் பதியாத அப் பாட்டே குழந்தையின் செவிக்கு முதல் தமிழாசான். இன்று தொட்டிலருகே கைப்பேசி பாடுகிறது. தாயின் நா ஓய்ந்திருக்கிறது.

எனவே அன்பர்களே, போட்டிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாட்டைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒலிப்புக்கும் மதிப்பெண் வேண்டுமென நிகழ்ச்சி நடத்துவோர்க்கு மடல் எழுதுங்கள். முதிய அன்னையர் இருக்கும்போதே அவர்தம் தாலாட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் மறைந்தால் பாட்டும் மறையும். நும் பிள்ளை பிறந்த ஆண்டின் பாட்டு எதுவென நாளை எவரேனும் வினவினால், "எம் தாய் பாடியது" என்று அது விடை கூறட்டும்.

நா தமிழாயின் பாட்டும் தமிழாகும்!