எல்லை விரிவாகும் ஆண்டு

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் விசுவாசிதான். தாத்தா திருநெல்வேலிப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். ஓய்வுநாள் பள்ளி வேதபாடத் தேர்வில் பரிசு வாங்கிய எவர்சில்வர் டம்ளர் இன்னும் அகளி வீட்டில் இருக்கிறது. ஆகவே "இவன் சபைக்கு விரோதி" என்று திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து, கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

போன டிசம்பர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கோவையில் பஸ் ஏறி ஆனைக்கட்டி தாண்டினால் எனக்குத் தானாகவே மூச்சு சீராகிவிடும். மலையாளப் போர்டு, தமிழ்ப் பேச்சு, நடுவில் இருளர் பாஷை என்று மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் எங்களுடையது. அங்கே மூன்று நாள் கன்வென்ஷன். மேடைக்குப் பின்னால் பெரிய பிளெக்ஸ்: "எல்லை விரிவாகும் ஆண்டு". வெளியூர்ப் பிரசங்கியார், கோட்டு சூட்டு, இரண்டு கீபோர்டு. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில். நான் பக்கத்தில்.

வசனம் 1 நாளாகமம் 4:10, யாபேஸின் ஜெபம். அதையும் பாதிதான் வாசித்தார். பிறகு எழுபத்தைந்து நிமிடம் (ஆமாம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்) வேதாகமம் மூடியே கிடந்தது. ஒருவருக்குக் கார் வந்த சாட்சி, ஒருவருக்குக் கனடா விசா வந்த சாட்சி, நாலு சென்ட் நாற்பது சென்ட் ஆன சாட்சி. "பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, உன் எல்லை விரியும்னு சொல்லுங்க." அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் சொன்னேன். அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

எனக்கு உறுத்தியது கோட்டோ கீபோர்டோ இல்லை. எந்த ஊரில் நின்றுகொண்டு எல்லையைப் பற்றிப் பேசுகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எந்தப் புஸ்தகத்திலிருந்து எடுத்தோம் என்பதும் தெரியவில்லை. இரண்டில் ஒன்று தெரிந்திருந்தால்கூட அந்தப் பிளெக்ஸ் கிழிந்திருக்கும்.

முதலில் புஸ்தகம். நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரமும் வெறும் பெயர்கள். நாமெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வேதம் முழுக்க வாசிக்கும்போது கொட்டாவியோடு தாண்டும் பகுதி. அதை எழுதியது யாருக்காக? பாபிலோனுக்குச் சிறைபோய், நிலம், வீடு எல்லாம் இழந்து, பிறகு திரும்பி வந்த ஜனங்களுக்காக. இன்னார் இந்தக் கோத்திரம், இன்னார் இந்த ஊர் என்று, பிடுங்கப்பட்டவர்களுக்கு அடையாளத்தைத் திருப்பிக் கொடுக்கிற பட்டியல் அது. துக்கத்தில் பிறந்தவன் என்று பெயரிலேயே முத்திரை குத்தப்பட்ட ஒருவன் அதன் நடுவில் நின்று கொஞ்சம் இடம் கேட்கிறான். இருக்கிற இடத்தோடு இன்னும் நாற்பது சென்ட் சேர்த்துக்கொள்ள அலைந்தவனின் ஜெபமாக இது எனக்குப் படவில்லை.

இப்போது ஊர். 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆதிவாசிகள்: இருளர், முடுகர், குறும்பர். 2001-இல் அது 40 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த ஐம்பது வருஷத்தில் தெற்கே திருவிதாங்கூர் பக்கத்திலிருந்தும் கிழக்கே கோவைப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறினோம். "வந்தார்கள்" என்று எழுத ஆசைதான், ஆனால் எங்கள் குடும்பமும் அதில் உண்டு. வந்தவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு, வேதாகமம் வைத்திருந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆதிவாசி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், போனதை மீட்டுக் கொடுக்கவும் கேரள சட்டசபை 1975-இல் ஒரு சட்டம் போட்டது. அதற்கு விதிகள் எழுதவே 1986 ஆகிவிட்டது. 1999-இல் வேறு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவர் அப்படியே வைத்துக்கொள்ளலாம், இழந்தவருக்கு அரசாங்கம் வேறு இடம் கொடுக்கும் என்று ஏற்பாடு. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, எங்கள் ஊரில் "எல்லை விரிவாகும்" என்ற வாக்குத்தத்தம் எப்போதோ நிறைவேறிவிட்டது. யாருக்கு விரிந்தது, யாருக்குச் சுருங்கியது என்பதுதான் கேள்வி.

எல்லையைப் பற்றி வேதம் பேசாமலா இருக்கிறது? பிறனுடைய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்று உபாகமம் 19 சொல்கிறது. நகர்த்துகிறவனைச் சபித்து, ஜனங்கள் எல்லாரையும் ஆமென் சொல்ல வைக்கிறது 27-ஆம் அதிகாரம். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஐயோ என்கிறார் ஏசாயா, 5:8-இல். நாபோத்தின் திராட்சத்தோட்டம் தெரியாத கிறிஸ்தவன் உண்டா? அதில் ஆகாப் ராஜா செய்ததும் எல்லையை விரிவாக்கியதுதானே! இத்தனையும் இருக்க, அகளியில் நின்று பிரசங்கம் பண்ண ஒருவருக்கு அரை வசனம்தான் கிடைத்தது.

கூட்டம் முடிந்து அவரிடம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். "பாஸ்டர், ஏசாயா 5:8-ஐயும் சேர்த்து வாசித்திருக்கலாமே?" சிரித்தார். தோளில் கைபோட்டார். "பிரதர், வசனத்தை ஆராயக்கூடாது, உரிமையாக்கிக்கணும்." பவுல் சொன்னதையே அப்படித்தானா என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவர் ஜெபத்துக்கு வந்துவிட்டார்.

பின்வரிசையில் பக்கத்து ஊரிலிருந்து வந்த நாலைந்து இருளர் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாபேஸின் ஜெபத்தை நிஜமாகவே ஜெபிக்க உரிமை உள்ளவர்கள் அந்தப் பந்தலில் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் வாய்ச்சவடால். எங்கள் வீடு முப்பது சென்ட். அப்பா முறையாகப் பணம் கொடுத்து, பத்திரம் பதிந்து வாங்கினார். விற்றவர் இன்னொரு குடியேறி. அவருக்கு எப்படி வந்தது என்று சின்ன வயதில் கேட்டேன். "அதெல்லாம் பழைய காலம், புகையிலைக்கும் துணிக்கும் கைமாறினதுன்னு சொல்லுவாங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. என்னைக் கேட்க வைத்திருக்க வேண்டியது பிரசங்கம். நாற்பது வருஷமாக வாராவாரம் பிரசங்கம் கேட்கிறேன், ஒருமுறைகூட அப்படி ஒரு கேள்வி என் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

2018 பிப்ரவரி 22. முக்காலியில் மது என்ற ஆதிவாசி இளைஞனை, அரிசியும் பலசரக்கும் திருடியதாகச் சொல்லி, காட்டிலிருந்து பிடித்து வந்து கைகளைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் ஜீப்பில் போகும் வழியில் உயிர் போயிற்று. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு ஏழு வருஷம். அந்த வீடியோ மறுநாளே இங்கே துபாயில் எங்கள் எல்லார் போனிலும் இருந்தது. அது வெள்ளிக்கிழமை, ஆராதனை நாள். அதுவும் லெந்து காலம். எங்கள் பக்கத்துக்காரர்கள் பத்துப் பேராவது அன்று சபையில் இருந்தோம். பிரசங்கத் தலைப்பு: "உனக்காகத் திறக்கும் கதவுகள்".

பசிக்காகத் திருடுகிறவனை ஜனங்கள் இகழமாட்டார்கள் என்று நீதிமொழிகள் 6:30 சொல்கிறது. அயலான் வயலுக்குள் போகிறவன் கையால் கதிர் கொய்து தின்னலாம் என்று உபாகமம் 23 அனுமதிக்கிறது. சீஷர்கள் அதைத்தானே செய்தார்கள்? அறுவடையில் ஓரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவை என்கிறது லேவியராகமம் 19. ரூத்தும் அப்படித்தான் பிழைத்தாள். இதில் ஒரு வசனத்தை அன்று யாராவது வாசித்திருந்தால் நாங்கள் அழுதிருப்போம், வெட்கப்பட்டிருப்போம். ஒரு வாய்ப்பு போய்விட்டது.

இது ஊரோடு நிற்கிற வியாதி இல்லை. இங்கே வளைகுடாவில் நம் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஒட்டியிருக்கும் வசனம் எது? பத்தில் ஐந்து வீட்டில் எரேமியா 29:11. நன்மைக்கான திட்டம், நல்ல எதிர்காலம். அது எங்கிருந்து எங்கே போன கடிதம் என்று ஒரு பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, ஊரை விட்டுப் போய் அந்நிய தேசத்தில் இருக்கிறவர்களுக்கு. அதாவது நமக்கு! பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். ஐந்தாம் வசனம் வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. ஏழாம் வசனம், இருக்கிற ஊரின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. எட்டாம் வசனமோ, இனிக்க இனிக்கச் சொப்பனம் சொல்கிற தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதே என்கிறது. நாம் நடுவில் ஒன்றை மட்டும் கத்தரித்துக் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டோம்.

அதற்கு முந்தின அதிகாரம் இன்னும் சுவாரசியம். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எல்லார் முன்னாலும் உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவீர்கள் என்றான். ஜனங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும்! இன்று இருந்தால் அவனுக்குத்தான் பிளெக்ஸ். ஐந்தாம் மாதம் சொன்னவன் ஏழாம் மாதம் செத்துப்போனான். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அனனியா ஞாபகம்தான் வருகிறது.

தசமபாகத்தைச் சொல்லாமல் விட முடியாது. மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். ஐந்து வசனம் மேலே, 3:5-இல், கூலிக்காரன் கூலியை அபகரிக்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக வருவதாக இருக்கிறது. சோனாப்பூர் லேபர் கேம்பில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு நாலு மாதம் சம்பளம் வரவில்லை. ஜெபக்கூட்டத்தில் அவனிடம், இருப்பதை விதைத்துவிடு, கர்த்தர் திறப்பார் என்றார்கள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த இருநூறு திர்ஹாமைப் போட்டுவிட்டான். 3:10-ஐக் காட்டி அவனிடம் வாங்கினார்கள். 3:5-ஐக் காட்டி அவன் முதலாளியிடம் போக யாரும் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பெரிய கம்பெனி மேனேஜர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாதாரண ஜனங்களுக்கு ஆழமாச் சொன்னா புரியாது பிரதர்" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்க் பண்ணிய முதல் பெரிய வேலை என்ன? புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்து, 1714-15-இல் அச்சில் ஏற்றியது. 1740-இல் வந்த பப்ரிசியுஸ் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கினார். சாதாரண ஜனங்களுக்குப் புரியும் என்று நம்பித்தானே? எங்கள் பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ரூத் நாலு அதிகாரமும் கதையாகச் சொல்வார், போவாஸ் வாசலில் பேரம் பேசும் இடத்தை நடித்தே காட்டுவார். தாத்தா கிராமம் கிராமமாக நடந்து, அதிகாரம் அதிகாரமாக வாசித்து விளக்கியதன் பலன் அது. 2000-இல் அமெரிக்காவில் புரூஸ் வில்கின்சன் யாபேஸின் ஜெபத்தை வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார், லட்சம் லட்சமாக விற்றது. அந்தக் காற்றில் அடித்துவந்த சரக்கைத்தான் இன்னமும் அகளிப் பந்தலில் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள். எல்லாரும் இப்படி இல்லை, தெரியும். முழு நிருபத்தையும் ஆறு மாதம் எடுத்துப் போதிக்கிற ஐயர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பிளெக்ஸ் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் அம்மா போன் பண்ணினார். இந்த வருஷ கன்வென்ஷனுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் காணிக்கை கேட்கிறார்களாம். தருகிறேன், ஆனால் ஒருநாள் முழுக்க ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் வாசித்துப் பேச வேண்டும் என்று கமிட்டிச் செயலாளருக்குச் சொல்லி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. அப்பா பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தையும் எடுத்து, அதில் முதல் பெயர் யாருடையது என்று பார்க்கச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணாடி மாத்தணும்டா, எழுத்துத் தெரியல. நீ வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.