கத்தியின் கல்வெட்டு

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். "மாஸ்டர், உங்களுக்கு ஒரு சாமான் காட்டவேணும்" என்று சொல்லி, பட்டுத் துணியில் பொதிந்திருந்த குத்துவாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிடி கழன்றிருந்தது, அலகு மட்டும் ஒரு சாணுக்குச் சற்று மிகுந்திருந்தது.

அவருடைய பாட்டனார், 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை பிரித்தானியர் வசமிருந்த கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1945 செப்டெம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் யப்பானியப் படைகளின் சரணடைவு கைச்சாத்தான பின்னர், அவர்களுடைய வாள்களும் குத்துவாள்களும் பெருந்தொகையாக வென்றவர் கைக்கு மாறின. அவற்றுள் ஒன்றை இத்துறைமுகத்துக்கு வந்த மாலுமி ஒருவர் பாட்டனாருக்குக் கொடுத்துச் சென்றாராம்.

"காமக்கூராக் கொல்லர் செய்தது என்று ஒருவர் சொன்னார். உண்மையோ?" என்று நண்பர் ஆவலோடு கேட்டார். நான் அலகைத் திருப்பி, பிடிக்குள் மறைந்து நிற்கும் அடிக்காம்பைப் பார்த்தேன். அது வெள்ளிபோல் மின்னிற்று. "ஒரே துருவாய்க் கிடந்தது. அரத்தால் ராவி, சாம்பல் இட்டுத் துலக்கினேன்" என்றார், ஒரு நற்பணி செய்தவரின் மகிழ்ச்சியோடு. எனக்குப் பேச நா எழவில்லை.

ஏன் என்பதை விளக்க வேண்டும். யப்பானியர் 'தாந்தோ' என அழைக்கும் இக்குத்துவாள் அவர்களுடைய அளவில் ஒரு 'ஷாக்கு'வுக்கு, அதாவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்கு, உட்பட்டது. இதனைச் சேகரிப்போர் அழகை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. எந்தக் கொல்லர் மரபினது என்று ஆராய்கின்றனர். யமஷிரோ, யமாத்தோ, பிசென், சோஷு, மினோ என ஐந்து பெருமரபுகளை அவர்கள் வகுத்துள்ளனர். சோஷு என்பதே காமக்கூரா நகரத்து மரபு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த ஷின்தோகோ குனிமித்ஸு குத்துவாள் வடிப்பதில் தலைசிறந்தவர். உலகப் புகழ் பெற்ற மசமுனே அவர் வழி வந்தவர் என்பது மரபு.

இம்மரபுகளைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஆற்று மணலிலும் மலை மணலிலும் கிடைக்கும் இரும்புத் துகளை மண் உலையில் உருக்கி எஃகு எடுப்பர். அதனை மடித்து மடித்து அடிப்பதால் அலகில் மரத்தின் ரேகைபோல ஓர் இழையோட்டம் தோன்றும். பின்னர் அலகின்மேல் களிமண்ணைத் தடிப்பாகவும் மெலிதாகவும் பூசி, காய்ச்சி, நீரில் தோய்ப்பர். அதனால் கூர்விளிம்பை ஒட்டி வெண்மேகம் போன்ற ஒரு வரை எழும். அலகின் வடிவம், இழையோட்டம், வரை ஆகிய மூன்றும் சாட்சிகள். நான்காம் சாட்சி அடிக்காம்பு. கொல்லர் தம் பெயரைப் பொறிப்பது அதில்தான்; அவருடைய அரம் ஓடிய தடம் நிற்பதும் அதில்தான். அதன்மேல் நூற்றாண்டுகளாகப் படிந்து கறுத்த துருவே அதன் வயதைச் சொல்லும். ஆகவே அலகைத் தீட்டுவோர்கூடக் காம்பின் துருவைத் தொடுவதில்லை. அறிஞர் அக்காம்பைத் தாளில் படியெடுத்து, ஏடுகளாகத் தொகுத்து வைத்திருக்கின்றனர். போலிப் பெயர் பொறித்த வாள்கள் மலிந்த நாட்டில், அப்படிகளோடு ஒப்பிட்டே மெய்யும் பொய்யும் தெளியப்படுகின்றன.

நமக்கு இது விளங்காத செய்தி அன்று. எங்கள் பிரெடரிக் கோட்டை வாயிற் கல்லில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மீன் சின்னமும் உண்டு. எழுத்துகள் தேய்ந்திருந்தும் அறிஞர் அதனைப் படியெடுத்து ஆராய்ந்தனர். 'கல் அழுக்காயிருக்கிறது' என்று எவரேனும் உளிகொண்டு கொத்தி அழகுபடுத்தியிருந்தால் நாம் என் சொல்லியிருப்போம்? காம்பைத் துலக்கிய என் நண்பர் செய்ததும் அதுவே. அந்தக் குத்துவாள் குனிமித்ஸுவின் மரபினதா, பிற்காலத்துச் சாதாரணக் கொல்லர் ஒருவரதா என்று தெளிய உதவியிருக்கும் முதற்சான்று சாம்பலோடு போயிற்று.

சிலர் கேட்கலாம்: 1942 ஏப்ரல் 9ஆம் நாள் இதே துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தவர்களின் ஆயுதத்துக்கா இவ்வளவு கவலை? என் கவலை ஆயுதத்துக்காக அன்று. அதனை வடித்தவனின் பெயருக்காக. 1876இல் யப்பானிய அரசே பொதுவிடங்களில் வாள் தரிப்பதைத் தடுத்தது. கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1945இன் பின் ஆக்கிரமிப்புப் படையினர் வாள்களைப் பறித்தனர், எண்ணற்றவை அழிந்தன. அந்நிலையிலும் 1948இல் அந்நாட்டார் கலைவாள்களைக் காக்க ஒரு சங்கம் கண்டனர். தோற்ற நாடு தன் கொல்லரை மறக்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அராபிய அறிஞர் அல் கிந்தி, சரந்தீப் எஃகைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டார். அந்தச் சரந்தீப் இந்த இலங்கையே. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய இரும்புலைகளை ஜில்லியன் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து 1996இல் உலகறியச் செய்தார். தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நம் கைவினைஞரின் தொழிலையும் வாழ்வையும் எழுதிவைத்தார். கண்டி அரசின் பட்டறைகளில் பிறந்த 'பிஹாகெட்ட' என்னும் கத்திகள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றின் உறையில் கத்தியோடு எழுத்தாணியும் சேர்ந்திருக்கும். ஏடு நறுக்கவும் ஏட்டில் எழுதவும் ஒரே உறை! ஆயினும் பெரும்பாலானவற்றின் கீழே நாடும் நூற்றாண்டும் உண்டு. கொல்லர் பெயர் இல்லை. வெள்ளிப் பிடியை வியந்தோம். எஃகை வடித்த கையைக் கேளாதிருந்தோம். கடலுக்கு அப்பால் தஞ்சையிலும் இக்கதையே. 19ஆம் நூற்றாண்டில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றுள் மிகப்பல உடைபட்டுப் பழைய இரும்பாயின.

ஆதலால் சேகரிப்போருக்கு ஒன்று சொல்வேன். பொருளை வாங்குவது சேகரிப்பின் தொடக்கம் மட்டுமே. எவர் செய்தார், எவர் கைவழி வந்தது என்று எழுதிவைக்காதவரின் அலுமாரி, பூட்டிய பழையிரும்புக் கடையே. ஆசிரியர்க்கும் ஒன்று சொல்வேன். மாணவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுமுன் ஊர்க் கம்மாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கொல்லரின் பெயர், அவருடைய குருவின் பெயர், தோய்ச்சலின் பக்குவம், அவர் இடும் குறி ஆகியவற்றை அவர்கள் எழுதி வரட்டும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

நண்பரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாட்டனாரின் பெயர், அவர் செய்த தொழில், வாள் கைக்கு வந்த கதை, தாம் காம்பைத் துலக்கிய செய்தி ஆகிய அனைத்தையும் மறைக்காமல் எழுதி வாளோடு வைக்கச் சொன்னேன். எழுதினார்.

வீடு திரும்பியதும் என் அம்மாச்சி பனையோலை வாரிய சத்தகத்தைத் தேடி எடுத்தேன். இன்னும் கூர் மழுங்கவில்லை. அதை அடித்த கொல்லர் யார் என்று உறவினர் அனைவரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அரம் ராவவில்லை. கேளாமல் இருந்தோம், அவ்வளவே. அதுவே போதுமாயிருந்தது.