ஐரோப்பா பார்க்கணுமா? விரார் லோக்கல் ஏறுங்க!

பள்ளி லீவு விட்டால் நெருளில் எங்கள் வீடு சத்திரம்தான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் காட்டும் பம்பாய் என்ன? கேட்வே, எலிபெண்டா, சித்தி விநாயகர், மாட்டுங்காவில் ஒரு காபி. போன டிசம்பரில் வந்த மாயவரம் சித்தப்பா இதெல்லாம் முடித்துவிட்டு, "ஏண்டா, ஐரோப்பா டூருக்குப் பணம் சேர்க்கிறியாமே, அங்க அப்படி என்னடா இருக்கு?" என்றார். பழைய ஊர், மதில், சர்ச் என்று இழுத்தேன். சொல்லும்போதே உறைத்தது, அதெல்லாம் இங்கேயே இருக்கிறதே!

மறுநாள் குர்லா, தாதர் என்று வண்டி மாறி, வசாய் ரோடில் இறங்கினோம். ('வசை' என்று எழுதினால் யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கிறது, அதனால் வசாய்.) அங்கிருந்து ரிக்‌ஷா.

கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி நினைக்காதீர்கள். இது மதிலுக்குள் ஒரு முழு ஊர். 1534-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்த்துகீசியரிடம் விட்டுக்கொடுத்தது. அப்புறம் அவர்களுடைய வட மாகாணத்துக்கே இதுதான் தலைநகர். பிரான்சிஸ்கன், டொமினிகன், ஜெசூட் என்று சபைக்கொரு சர்ச். அன்றைய பம்பாய் இதற்குக் கீழே இருந்த சில தீவுகள்தான். பம்பாய்த் தீவையே கார்சியா த ஓர்த்தா என்ற வைத்தியர் குத்தகைக்கு எடுத்திருந்தாராம்! (இன்றைக்கு ஒரு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கே நமக்கு நாக்கு தள்ளுகிறது.) 1739-ல் சிமாஜி அப்பாவின் மராத்தியப் படை ஊரைப் பிடித்தது. சர்ச் மணிகள் கோயில்களுக்குப் போயின. நாசிக் நாரோசங்கர் கோயிலில் தொங்குவது இங்கிருந்து போனதுதான் என்பார்கள்.

இப்போது கூரையில்லாத சுவர்கள், வேர் பாய்ந்த வளைவுகள். பிரான்சிஸ்கன் சர்ச் தரை முழுக்க எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பத்தடி தள்ளி ஒரு ஜோடி அதே கல் மேல் ஏறி நின்று கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் காதலர் பெயர்கள்.

"நம்மளை அடிமைப்படுத்தினவங்க கட்டினதுதானே அப்பா, இடிஞ்சா என்ன?" என்றான் ஒன்பதாவது படிக்கும் என் பையன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த ஆட்சியில் மதமாற்றக் கெடுபிடி நடந்ததும் உண்மைதான். ஆனால் இந்தக் கல்லைச் சுமந்தவனெல்லாம் லிஸ்பனிலிருந்தா வந்தான்? 1597-ல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டு, 1862-ல் புனிதராக அறிவிக்கப்பட்ட கொன்சாலோ கார்சியா இந்த ஊரில் பிறந்தவர். அப்பா போர்த்துகீசியர், அம்மா இந்தப் பக்கத்துப் பெண். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1620-ல் டேனிஷ்காரன் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டையை 'எங்க ஊர்' என்று பெருமையாகக் காட்டுகிறோம். இருபது வருஷமாக இங்கே பிழைக்கிற நமக்கு வசாய் மட்டும் யார் வீட்டு எழவோவா?

அடுத்த விருந்தாளி வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீரும் தயிர்சாதமும் கையோடு இருக்கட்டும். கல்லறைக் கல் மேல் மட்டும் கடை பரப்பாதீர்கள்.